சோற்றைக் குறைத்தால் மாத்திரையின் கணக்கும் மாறும்

கேள்வி: வயது 44. விருதுநகரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். உயரம் 167 செ.மீ., எடை 81 கிலோ. போன மாதம் இன்ஷூரன்ஸுக்காக ரத்தம் கொடுத்தபோதுதான் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. வெறும் வயிற்றில் 178, சாப்பிட்ட பின் 276, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.9. மெட்ஃபார்மினும் க்ளிமெபிரைடும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் போடச் சொல்லியிருக்கிறார்கள். "சோற்றைக் குறைத்துச் சப்பாத்தி சாப்பிடுங்கள்" என்றார் டாக்டர். மாவுச்சத்தைத் தவிர்க்கும் பேலியோ உணவுமுறையில் 14 கிலோ குறைத்த என் மைத்துனர், சோறு, இட்லி எல்லாவற்றையும் அடியோடு நிறுத்து, மாத்திரையும் வேண்டாம் என்கிறார். பத்து நாளாகக் காலையில் வெண்ணெய் டீ, மதியம் காலிஃப்ளவர் சாதமும் முட்டையும், இரவு கோழி. மாத்திரையை நிறுத்தப் பயமாக இருப்பதால் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இரண்டு தடவை பதினொன்றரை மணி வாக்கில் கடையில் கை நடுங்கி வேர்த்துக் கொட்டிவிட்டது. "உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகுகிறது, அப்படித்தான் இருக்கும்" என்கிறார் மைத்துனர். சோறு இல்லாமல் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று அம்மா அழுகிறார். அப்பாவுக்கும் சர்க்கரை, கடைசியில் இரண்டு கால் விரல்களை எடுக்க வேண்டி வந்தது. இந்த உணவுமுறை சரியா? சிறுதானியத்துக்கு மாறலாமா? நோய் முழுதாகக் குணமாகுமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நான் முதலில் பேச வேண்டியது அந்த மூன்றிலும் இல்லை. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, பதினொன்றரை மணி நடுக்கம், அதைப் பற்றித்தான்.

அது கொழுப்பு எரிவதால் வந்தது என்று நான் நம்பவில்லை. ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோயிருக்கவே வாய்ப்பு அதிகம். மாவுச்சத்தை நிறுத்திய முதல் வாரத்தில் சிலருக்குத் தலைவலி, சோர்வு, கால் பிடிப்பு வருவதுண்டு. உப்பும் நீரும் சிறுநீரில் அதிகம் வெளியேறுவதால் வருவது அது. ஆனால் திடீரென்று கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, அதுவும் காலை மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் என்றால் கதையே வேறு.

உங்கள் மாத்திரைக்குள் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. மெட்ஃபார்மின் முக்கியமாக ஈரல் ரத்தத்தில் கொட்டும் சர்க்கரையைக் குறைக்கிறது. அது மட்டும் இருந்தால் சர்க்கரை அபாயமாகத் தாழ்வது மிக அரிது. க்ளிமெபிரைடு அப்படியில்லை. அது கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. நீங்கள் ஐந்து இட்லி சாப்பிட்டீர்களா, வெறும் வெண்ணெய் டீ குடித்தீர்களா என்பது அதற்குத் தெரியாது. டாக்டர் அந்த அளவை எழுதியபோது நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் இட்லியையும் சோற்றையும் மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார். நீங்கள் சாப்பாட்டை மாற்றிவிட்டீர்கள், மாத்திரை அப்படியே இருக்கிறது. மாத்திரையை நிறுத்தச் சொன்ன மைத்துனர் பேச்சைக் கேட்காதது நல்லது. ஆனால் பாதி அவர் சொன்னபடியும் பாதி டாக்டர் சொன்னபடியும் நடந்ததில், இரண்டு பேருமே நினைத்திராத ஓர் ஆபத்து வந்து சேர்ந்திருக்கிறது.

ஆகவே இன்றே உங்கள் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அடுத்த மாத ரிவ்யூ வரை காத்திருக்க வேண்டாம். "மாவுச்சத்தைப் பாதிக்கு மேல் குறைத்துவிட்டேன், இரண்டு முறை நடுங்கி வேர்த்தது, க்ளிமெபிரைடை என்ன செய்யலாம்?" என்று இந்த மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். இந்த நிலையில் பெரும்பாலும் க்ளிமெபிரைடைக் குறைப்போம் அல்லது நிறுத்துவோம், மெட்ஃபார்மினைத் தொடர்வோம். ஆனால் உங்கள் ரிப்போர்ட்டுகளைக் கையில் வைத்திருப்பவர் அவர், முடிவும் அவருடையதாக இருக்கட்டும். அவரிடம் பேசும்வரை காலை மாத்திரை போடுகிறீர்கள் என்றால் இரண்டு மூன்று இட்லியாவது உள்ளே போக வேண்டும். வெறும் வெண்ணெய் டீயோடு அந்த மாத்திரை கூடவே கூடாது.

மறுபடி நடுங்கினால்? குளுக்கோமீட்டர் கையில் இருந்தால் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் தாழ்நிலை. மீட்டர் இல்லையென்றால் தாழ்நிலை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸ் பொடியையோ தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் இரண்டு இட்லி போல ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். ஒரு குளுக்கோஸ் பாக்கெட் கல்லாப்பெட்டியில் நிரந்தரமாக இருக்கட்டும். கடைப் பையன்களுக்கும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். நடுக்கம் வந்தால் பைக்கில் ஏறக் கூடாது. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும், இதுவும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, இனி உங்கள் கேள்விகள்.

மாவுச்சத்தைக் குறைப்பது சரியா? சரி. இது நேற்று முளைத்த ஃபேஷன் இல்லை. 1870-இல் பாரிஸ் நகரம் முற்றுகையில் சிக்கி உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, சில நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை காணாமல் போனதை புஷார்டா என்ற பிரெஞ்சு மருத்துவர் கவனித்தார். 1921-இல் டொராண்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்படும்வரை மாவுச்சத்தைக் கட்டுப்படுத்துவதுதான் டாக்டர்களிடம் இருந்த முக்கிய ஆயுதம். பிறகு மருந்துகள் வந்தன, அது பின்னால் போய்விட்டது. 2019-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் உணவு அறிக்கை, ரத்தச் சர்க்கரையைக் குறைப்பதில் அதிகச் சான்று உள்ள வழி மொத்த மாவுச்சத்தைக் குறைப்பதுதான் என்று வெளிப்படையாகவே சொன்னது. அந்த அளவில் மைத்துனர் சொல்வதில் தப்பில்லை. எவ்வளவு குறைப்பது, யார் குறைப்பது, எந்த மருந்தோடு குறைப்பது என்பதில்தான் நானும் அவரும் பிரிகிறோம்.

ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே என்றால் குறைந்த மாவுச்சத்து உணவு என்கிறோம். 20 முதல் 50 கிராம் என்றால் மிகக் குறைவு, கீட்டோ என்பது அதுதான். நீங்கள் இப்போது இருப்பது கிட்டத்தட்ட அங்கே. ஒரு மாதத்துக்கு முன் எங்கே இருந்தீர்கள் என்று போட்டுப் பார்ப்போம். எழுதாததை நானே ஊகிக்கிறேன், தப்பாக இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். காலையில் ஐந்து இட்லி, 50 முதல் 60 கிராம். மதியம் சாம்பாருக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு, எல்லாம் சேர்ந்து 130-ஐ ஒட்டி வரும். கடையில் நாலைந்து டீ, சர்க்கரையும் பாலும் சேர்த்து ஒரு 60. சாயங்காலம் சாத்தூர் சேவு ஒரு கை. இரவு நாலு தோசை அல்லது உங்கள் ஊர் எண்ணெய் பரோட்டா. மொத்தம் 350 கிராமுக்குக் குறையாது. இது உங்கள் தனிப்பட்ட பலவீனம் என்று நினைக்க வேண்டாம். இந்தியர்கள் தங்கள் கலோரியில் சுமார் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்தும் வெறும் 12 சதவீதத்தைப் புரதத்திலிருந்தும் பெறுகிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2025-இல் சொன்னது. நாடே அப்படித்தான் சாப்பிடுகிறது. அதே ஆய்வின் 2023 கணக்குப்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி.

350-லிருந்து ஒரே தாவலில் 40-க்குப் போயிருக்கிறீர்கள். 100 முதல் 130 வரை போதும் என்பது என் கருத்து. கீட்டோவில் பலன் வராது என்று சொல்லவில்லை. முதல் ஆறு மாதம் நன்றாகவே வரும். ஒரு வருடம் தாண்டியதும் மிகக் கடுமையாக இருந்தவர்களுக்கும் நடுத்தரமாகக் குறைத்தவர்களுக்கும் இடையிலான வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. காரணம் பெரிய ரகசியமில்லை, பெரும்பாலானோரால் அதில் நிற்க முடிவதில்லை. மைத்துனரைப் போல நிற்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் நின்றவர்கள்தான் அடுத்தவருக்கு ஆலோசனை சொல்ல வருவார்கள். விட்டுவிட்டவர்கள் சத்தமில்லாமல் தோசைக்குத் திரும்பியிருப்பார்கள், அவர்கள் கதை நம் காதுக்கு வருவதில்லை. உங்களுக்கு வேண்டியது அடுத்த இருபது வருடம் சலிக்காமல் சாப்பிடக்கூடிய தட்டு.

சப்பாத்தி பற்றி. உங்கள் டாக்டரைக் குறை சொல்லவில்லை, கூட்டமான ஓ.பி.யில் ஐந்து நிமிடத்தில் வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்ற அந்த அறிவுரை, மாவுச்சத்துக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுமே செய்வதில்லை. 30 கிராம் கோதுமை மாவில் போட்ட சப்பாத்தியில் 19 கிராம் மாவுச்சத்து. மூன்று சப்பாத்தி என்றால் 57. ஒரு கப் சோற்றில், அதாவது 50 கிராம் அரிசி வெந்ததில், 39. இரவு நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் சாப்பிட்டுவிட்டு "நான் சோறே தொடுவதில்லை டாக்டர்" என்று சொல்பவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

சிறுதானியத்துக்கும் இதே பதில்தான், கொஞ்சம் மரியாதையோடு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையில் 100 கிராம் அரிசிக்கு சுமார் 78 கிராம் மாவுச்சத்து. கம்புக்கு 62, சாமைக்கு 66, வரகுக்கு 66, கேழ்வரகுக்கு 67. நார்ச்சத்தும் தாதுக்களும் கூடுதல், அதை மறுக்க முடியாது. அளவோடு முழுதாக வேகவைத்து, காய்கறியோடும் பருப்போடும் சாப்பிட்டால் சர்க்கரை சற்று மெதுவாக ஏறும். ஆனால் மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் அந்த நன்மையில் பெரும்பகுதி போய்விடுகிறது. காலையில் பெரிய டம்ளரில் கேழ்வரகுக் கஞ்சி குடித்துவிட்டு, சர்க்கரை நோய்க்கு நல்லது என்றார்களே, எப்படி 260 வந்தது என்று கேட்பவர்கள் நிறைய. சாமைச் சோறு பிடித்தால் சாப்பிடுங்கள், அரிசிச் சோற்றின் அதே கப் அளவில். சிறுதானியம் என்பதற்காக இரண்டு கப் போட்டுக்கொள்ள முடியாது.

இப்போது தட்டுக்கு வருவோம். மதியச் சாப்பாட்டை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். சோறு ஒரே ஒரு கப், தலை தட்டியது. அந்தக் கப்பை வீட்டில் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். கண் அளவு ஒரு வாரத்தில் வளர்ந்துவிடும். முதலில் தட்டில் விழ வேண்டியது காய்: வெண்டை, கத்தரி, அவரை, புடலை, கீரை என்று எதுவானாலும் இரண்டு கரண்டி இல்லை, தட்டில் பாதி. அப்புறம் மீன், முட்டை, கோழி, சைவ நாளில் பன்னீர், கெட்டிப் பருப்பு, சோயா. இவற்றில் பாதியைச் சாப்பிட்ட பிறகு சோற்றில் கை வையுங்கள். காயையும் புரதத்தையும் முதலில் தின்று மாவுச்சத்தைக் கடைசியில் தின்றால், அதே சாப்பாட்டுக்கு ஏறும் சர்க்கரை கணிசமாகக் குறைகிறது. சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம் இது, காசு செலவும் இல்லை. சாம்பாருக்கு அந்த ஒரு கப் சோறு. ரசத்தையும் மோரையும் டம்ளரில் வாங்கிக் குடித்துவிடுங்கள். நம் சாப்பாட்டில் இரண்டாவது சோறும் மூன்றாவது சோறும் ரசத்துக்கும் மோருக்கும் வண்டியாகத்தான் வருகின்றன. ரசமும் மோரும் குற்றமற்றவை.

காலையில் இரண்டு முட்டை ஆம்லெட், வெங்காயம் தக்காளி தாராளமாக, கூடவே இரண்டு இட்லி சாம்பாரோடு. முட்டை ஆகாத நாளில் பச்சைப்பயறு ஊறவைத்து அரைத்த அடை ஒன்றரை, தேங்காய்ச் சட்னி. இரவு ஒரு சப்பாத்தி அல்லது ஒரு தோசை, அதை விடப் பெரிய அளவில் கோழியோ காயோ. டீ நாலைந்து வேண்டாம், இரண்டு, சர்க்கரையில்லாமல். முதல் பத்து நாள் கசக்கும், பிறகு மற்றவர்கள் டீ பாயசம் போல இருக்கும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் ரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான். சாயங்காலம் சேவுக்குப் பதில் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, அல்லது அரை கப் கொண்டைக்கடலைச் சுண்டல். பழம் வேண்டுமென்றால் கொய்யா பாதி, ஜூஸ் எந்தப் பழத்திலும் வேண்டாம். கூட்டிப் பாருங்கள், 110-ஐ ஒட்டி வரும்.

பரோட்டா? ஒன்றில் 30 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, அதுவும் மைதா, எண்ணெயில் பொரித்தது. விருதுநகர்க்காரரிடம் அதை ஆயுளுக்கும் விட்டுவிடச் சொல்வது நடக்கிற காரியமில்லை என்று எனக்குத் தெரியும். முதல் மூன்று மாதம் மட்டும் தள்ளி வையுங்கள். அப்புறம் மாதம் ஒரு நாள், ஒன்றே ஒன்று, கூடவே இரண்டு ஆம்லெட், முடித்ததும் பஜாரை ஒரு சுற்று. சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது எல்லா வேளைக்கும் நல்லது. தசைகள் இன்சுலினுக்கு அதிகம் காத்திராமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். கடைக்குள் நிற்பது நடை ஆகாது. கம்பி, சிமெண்ட் மூட்டை எல்லாம் பையன்கள் தூக்குகிறார்கள், நீங்கள் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். வாரத்தில் இரண்டு நாளாவது அவர்களோடு சேர்ந்து கொஞ்சம் கனம் தூக்குங்கள். முதுகு வலி இருந்தால் வேண்டாம்.

வெண்ணெய் டீ பற்றி ஒரு வார்த்தை. மாவுச்சத்தைக் குறைத்தால் கொழுப்பு கொஞ்சம் கூடத்தான் செய்யும், பரவாயில்லை. ஆனால் வெண்ணெயைக் கரண்டி கரண்டியாகக் குடிப்பதற்கு உங்களுக்கு எந்தத் தேவையும் இல்லை. உங்கள் உடல் எடைக் குறியீடு 29. நம் மக்களுக்கு 23-க்கு மேலேயே அதிக எடை என்று கணக்கு. குறைய வேண்டிய கொழுப்பு வயிற்றில் ஏற்கனவே இருக்கிறது, அதை எரிய விடாமல் மேலே வெண்ணெயை ஏன் ஊற்ற வேண்டும்? இன்னொன்று, இந்த மாதிரி உணவில் பெரும்பாலோருக்கு டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு இறங்குகிறது, ஆனால் சிலருக்குக் கெட்ட கொலஸ்டிரால் எனப்படும் எல்டிஎல் நன்றாக ஏறிவிடுகிறது. "எல்டிஎல் ஏறினால் பயப்படாதே" என்று சுற்றி வரும் அறிவுரையோடு எனக்கு உடன்பாடு இல்லை. மாரடைப்பு நம் ஆட்களுக்குச் சின்ன வயதிலேயே வருகிறது, சர்க்கரை நோய் அதை இன்னும் கூட்டுகிறது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், நிலக்கடலை, பாதாம், மத்தி, அயிலை, இவற்றிலிருந்து கொழுப்பு வரட்டும். நெய் ஒரு டீஸ்பூன். மூன்று மாதத்தில் கொலஸ்டிரால் பார்த்து, எல்டிஎல் ஏறியிருந்தால் டாக்டரோடு பேசுங்கள்.

வீட்டு விவகாரம். தனிச் சமையல் செய்ய வேண்டாம் என்று உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். காலிஃப்ளவரைத் துருவித் துருவி ஒருநாள் அவருக்கே வெறுத்துவிடும். வீட்டுச் சாப்பாடே உங்களுக்கும், விகிதம் மட்டும் வேறு: காய் இரண்டு மடங்கு, சோறு ஒரு கப். அம்மாவிடம் வாதாட வேண்டாம். ஒரு கப் சோறு தட்டில் தெரிந்தால் அவர் அழுகை பாதி நின்றுவிடும். மருத்துவக் காரணங்கள் ஒருபுறம் இருக்க, இதற்காகவும் அந்த ஒரு கப்பை நான் விட்டு வைக்கிறேன். புரட்டாசியும் மாலை போடும் காலமும் வரும்போது முட்டை, மீன் போய்விடும், அந்த இடத்தில் உருளைக்கிழங்கும் அப்பளமும் வந்து உட்காரும். அதற்கு முன்பே சோயா, பன்னீர், சுண்டல், தயிர் என்று யோசித்து வையுங்கள்.

குளுக்கோமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். தினமும் நாலு முறை குத்திக்கொண்டு பயந்து சாக வேண்டியதில்லை, ஸ்ட்ரிப் விலையும் கையைக் கடிக்கும். க்ளிமெபிரைடு பற்றி முடிவாகும்வரை காலை பதினொரு மணிக்கு ஒருமுறை கட்டாயம். அது சரியானபின் வாரம் இரண்டு மூன்று நாள், ஒரு வேளையைத் தேர்ந்தெடுத்து, சாப்பிடும் முன்னும் முதல் வாய் எடுத்து இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். ஏற்றம் 50-க்குள் இருந்தால் அந்தச் சாப்பாடு உங்களுக்குச் சரி என்று நான் எடுத்துக்கொள்வேன். 80, 90 என்று ஏறினால் அந்தத் தட்டில் எதையோ குறைக்க வேண்டும். இரண்டு வாரத்தில் உங்கள் உடம்பு இட்லிக்கு எவ்வளவு ஏறுகிறது, சோற்றுக்கு எவ்வளவு என்று என்னை விட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். சிலருக்கு இரண்டு இட்லிக்கே எகிறும், சிலருக்கு மூன்று இட்லி ஒன்றும் செய்யாது.

மருந்து பற்றி இன்னொரு எச்சரிக்கை, உங்களுக்கும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று "கிளிஃப்ளோசின்" என முடியும் மாத்திரை எதையாவது பின்னால் சேர்த்தால், கீட்டோ பக்கம் போகவே கூடாது. மாவுச்சத்து மிகக் குறைவாக இருக்கும்போது அந்த மருந்தோடு ரத்தம் அமிலமாகும் ஆபத்து இருக்கிறது. அப்போது மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் வரும். மீட்டரை நம்பி வீட்டில் இருந்துவிடுவார்கள், ஆபத்தே அதில்தான். இன்சுலின் போடுபவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், கர்ப்பிணிகள் இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டுத் தாமாக எதையும் குறைக்க வேண்டாம்.

குணமாகுமா? முழுதாகக் குணமாகிவிட்டது, இனி எப்போதும் வராது என்ற பொருளில் இல்லை. ஆனால் உங்கள் அப்பா காலத்தில் நாங்கள் சொல்லாத ஒன்றை இன்று சொல்ல முடிகிறது. மருந்தில்லாமல் குறைந்தது மூன்று மாதம் எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே நின்றால் அதை நிவாரண நிலை என்று ஏற்றுக்கொள்ள 2021-இல் சர்வதேச நிபுணர்கள் ஒத்துக்கொண்டார்கள். பிரிட்டனில் நடந்த டைரக்ட் என்ற ஆய்வு 2017-இல் வெளியானது. நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள். ஒரு வருட முடிவில் கிட்டத்தட்ட பாதிப் பேர், 46 சதவீதம், இந்த நிலையை எட்டினார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம். இரண்டாம் வருடம் மொத்த எண்ணிக்கை 36 சதவீதமாகக் குறைந்ததையும் சொல்லிவிட வேண்டும், எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்புகிறது. அந்த ஆய்வில் கொடுத்தது கீட்டோ இல்லை, சில மாதங்களுக்கு ஒரு நாளைக்கு 850 கலோரிக்குள் சூப்பும் ஷேக்கும். ஆக, நோயைத் திருப்பியதில் பெரும் பங்கு ஈரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரைந்ததற்கு. மாவுச்சத்தைக் குறைப்பது சர்க்கரையை உடனே இறக்கும், எடையைக் குறைக்கவும் உதவும், ஆனால் எடை இறங்காமல் சோறு மட்டும் இறங்கினால் போதாது. 81-லிருந்து 70 கிலோவுக்கு ஆறேழு மாதத்தில் வருவதை இலக்காக வையுங்கள். நோய் தெரிந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்பது உங்கள் பக்கம் இருக்கும் பெரிய பலம். கவனிக்காமல் விட்ட வருடங்கள் கூடக் கூட இந்த வாய்ப்பு குறைகிறது.

அப்பாவின் கால் உங்களை எவ்வளவு பயமுறுத்துகிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. அந்தப் பயத்தைச் சில பரிசோதனைகளாக மாற்றிக்கொள்ளுங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரை பார்ப்பது முதலில். டைப் 2, அதாவது பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வரும் வகைச் சர்க்கரை, பல வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுத்தான் தெரிய வரும், அதற்குள் விழித்திரையில் ஏதாவது ஆகியிருக்கலாம். அப்படி ஆகியிருந்து, சர்க்கரை வேகமாக இறங்கினால், அது தற்காலிகமாக மோசமாவதும் உண்டு, ஆகவே இந்த மாதமே பாருங்கள். இடையில் பார்வை மங்கலானால் புதுக் கண்ணாடிக்கு ஓட வேண்டாம். சர்க்கரை இறங்கும்போது சில வாரம் அப்படி இருக்கும், கண் டாக்டரிடம் சொன்னால் போதும். சிறுநீரகத்துக்காகச் சிறுநீரில் அல்புமினும் ரத்தத்தில் கிரியாட்டினினும், பிறகு கொலஸ்டிரால், ரத்த அழுத்தம், காலில் உணர்ச்சிப் பரிசோதனை, இவை கூடவே. ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள், ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி கணக்கு தப்பாகும். பிரஷருக்கு மாத்திரை ஏதாவது எடுத்தால், எடை குறையக் குறைய எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம், அப்போது அதன் அளவையும் குறைக்க வேண்டி வரும்.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி எடுங்கள். இப்போதைய 8.9 என்பது சராசரியாக 209 சர்க்கரைக்குச் சமம். மெட்ஃபார்மின் மட்டும் போட்டுக்கொண்டு 6.5-க்குக் கீழே வந்திருந்து எடையும் இறங்கியிருந்தால், அதையும் குறைத்துப் பார்க்கலாமா என்று அப்போது டாக்டரிடம் கேட்கலாம். ஒருவேளை சோற்றைக் குறைத்தும் சர்க்கரை இறங்கவே இல்லை, எடை மட்டும் மளமளவென்று குறைகிறது என்றால் சந்தோஷப்படாமல் உடனே போய்ச் சொல்லுங்கள், அது டைப் 2 தானா என்று மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். மாத்திரையே இல்லாத நிலை வந்த பிறகும் கண், கால், சிறுநீர்ப் பரிசோதனைகள் வருடத்துக்கு ஒருமுறை உண்டு.